வீட்டுக்கு ஒரு கோப்பு சர்வர்: டிஸ்கிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான். பத்து வருடமாகச் சேர்ந்த படங்கள், வீடியோக்கள், வீட்டு ஆவணங்கள் எல்லாம் மூன்று லேப்டாப்பிலும் நாலைந்து யுஎஸ்பி டிஸ்கிலும் சிதறிக் கிடக்கின்றன. மொத்தம் ஏறக்குறைய 5 டெராபைட், வருடத்துக்கு முக்கால் டெராபைட் கூடுகிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து வீட்டிலுள்ள நான்கு பேரும் எடுத்துப் பார்க்க ஒரு சர்வர் வேண்டும். சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப் போதுமா, இல்லை நெட்வொர்க்கில் மாட்டிக் கோப்புகளைப் பகிரவென்றே விற்கும் ஒரு நாஸ் பெட்டி வாங்குவதா? எந்த பிராசசர், எவ்வளவு ரேம், பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம் கட்டாயமா?

கேள்வியில் பிராசசர் இருக்கிறது, ரேம் இருக்கிறது, டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல்முறை சர்வர் கட்டும்போது நானும் இப்படித்தான் பிராசசர் பட்டியலில் ஒரு வாரத்தைச் செலவழித்தேன். இன்று யார் கேட்டாலும் வரிசையை மாற்றித்தான் சொல்கிறேன்: முதலில் டிஸ்க், அடுத்து அந்த டிஸ்கின் நகல், அதற்கப்புறம் மின்சாரம், கடைசியில்தான் பெட்டி. பெட்டி எரிந்துபோனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். குழந்தை முதன்முதலில் நடந்த வீடியோவை எங்கே போய் வாங்குவது?

பெட்டி கடைசி என்று துணிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. கோப்பை எடுத்துக் கொடுப்பது கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. வீட்டில் இருப்பது பெரும்பாலும் கிகாபிட் நெட்வொர்க். அதில் கணக்குப்படி நொடிக்கு 125 மெகாபைட், நடைமுறையில் 110-லிருந்து 115 வரைதான் போகும். இன்றைய ஒற்றை ஹார்டு டிஸ்கே பெரிய கோப்புகளை அதைவிட வேகமாகப் படித்துக் கொடுத்துவிடும். பத்து வருடப் பழைய டெஸ்க்டாப் பிராசசராலும் அந்த கிகாபிட் கம்பியை நிரப்ப முடியும். ஆகவே இன்னும் வலுவான பிராசசர் வாங்கினால் கோப்பு வேகமாக வரப்போவதில்லை.

பிராசசர் உண்மையில் கணக்குக்கு வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, வீடியோவை அப்போதைக்கப்போது வேறு வடிவத்துக்கு மாற்றி டிவிக்கோ போனுக்கோ அனுப்புவது. ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரியான மென்பொருள்கள் செய்யும் வேலை இது. இதற்கு இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் குயிக் சிங்க் பகுதி கை கொடுக்கும். ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் எச்இவிசி என்ற சுருக்கு முறையில் வரும் 10 பிட் வீடியோவையும் அதுவே கையாளும். இரண்டாவது, டிஸ்கை முழுக்க என்கிரிப்ட் செய்வது. இதற்கு ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறைக்கான கட்டளைகள் பிராசசரின் வன்பொருளிலேயே இருக்க வேண்டும். கையளவு கணினியான ராஸ்பெரி பை 4-இல் அவை கிடையாது, அதனால் என்கிரிப்ஷன் போட்டதும் அது திணறும். பை 5-இல் அந்தக் குறை நீங்கிவிட்டது. இந்த இரண்டும் உங்களுக்கு வேண்டாம் என்றால் பிராசசர் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

சரி, டிஸ்குக்கு வருவோம். எவ்வளவு பெரியது? இன்று 5 டெராபைட், ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட 8.75. டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு அமைப்பு எதையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் வைத்திருப்பது நல்லது. இசட்எஃப்எஸ் போன்றவை நிரம்ப நிரம்ப எழுதுவதில் தளர்ந்துவிடும். 12 டெராபைட் டிஸ்கில் 80 சதவீதம் என்றால் 9.6. ஆக உங்கள் அளவு 12. அதை மாட்டியதும் கணினி 10.9 என்று காட்டும், பதற வேண்டாம். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1024-ஆக எண்ணுகிறது. எதுவும் தொலைந்துவிடவில்லை.

அந்த 12-ஐ எப்படி அமைப்பது? பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று போனாலும் தகவல் போகாமல் வைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். நான்கு சிறு டிஸ்குகளைச் சேர்த்து அதில் ஒரு வகையான ரெய்டு 5 போடும் ஆசை எல்லோருக்கும் வரும். உங்கள் அளவுக்கு அது தேவையில்லை. இரண்டு 12 டெராபைட் டிஸ்க், ஒன்றுக்கொன்று கண்ணாடி, அதாவது எழுதுவதெல்லாம் இரண்டிலும் அப்படியே இருக்கும் ரெய்டு 1. டிஸ்க் எண்ணிக்கை குறைந்தால் மின்சாரமும் சத்தமும் சூடும் குறையும், பழுதாகும் இடங்களும் குறையும். ஒரு டிஸ்க் போய்விட்டால் புதியதை மாட்டி மறுகட்டமைப்பு செய்ய வேண்டும். கண்ணாடி அமைப்பில் மிச்சமிருக்கும் ஒரே டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை படித்தால் போதும். சராசரி 180 மெகாபைட் வேகத்தில் 12 டெராபைட்டுக்கு ஏறத்தாழ 18 மணி நேரம் பிடிக்கும். ரெய்டு 5-இல் மிச்சமுள்ள எல்லா டிஸ்குகளையும் முழுக்கப் படித்தாக வேண்டும், அதில் ஒன்று இடறினாலும் சிக்கல். இன்னொரு வசதியும் உண்டு. சர்வரின் மதர்போர்டு செத்துப்போனால், கண்ணாடியில் ஒரு பாதியைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே இருக்கும். பதற்றமான நாளில் இதன் அருமை தெரியும்.

இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லியாக வேண்டும். ரெய்டு என்பது காப்பு நகல் இல்லை. ஒரு டிஸ்க் பழுதானாலும் சர்வர் நிற்காமல் ஓட அது உதவும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் இரண்டையும் பூட்டும். பவர் சப்ளை கெட்டு அதிக மின்னழுத்தம் பாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். திருட்டு, தீ, வெள்ளம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே மூன்றாவதாக ஒரு டிஸ்க் வேண்டும். அது வேறு இடத்தில், முடிந்தால் வேறு வீட்டில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கொண்டுவந்து நகலெடுத்துத் திருப்பி அனுப்பினாலும் போதும்.

கையில் இரண்டு டிஸ்குக்குத்தான் பணம் இருக்கிறது என்றால்? ரெய்டே வேண்டாம். ஒன்று சர்வருக்குள், இன்னொன்று வெளியே நகலாக. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. வீட்டு சர்வர் ஒரு நாள் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை, படம் தொலைந்தால் நஷ்டம். ரெய்டு காப்பது முதலாவதை, நகல் காப்பது இரண்டாவதை.

டிஸ்க் வாங்கும்போது விவரப் பட்டியலில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்களைக் கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏற்றி எழுதுவார்கள். அதே தட்டில் அதிகம் கொள்ளும். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் மேலே படிந்திருக்கும் ஓடுகளையும் எடுத்துத் திரும்ப வேய வேண்டுமல்லவா, அதே கஷ்டம்தான் இங்கேயும். இதை மறைக்க டிஸ்கில் சாதாரண முறையில் எழுதும் ஒரு சிறு பகுதி வைத்திருப்பார்கள். சின்னச் சின்ன வேலைகளுக்கு வித்தியாசமே தெரியாது. பல மணி நேரம் தொடர்ந்து எழுதும்போது அந்தப் பகுதி நிரம்பி, வேகம் சட்டென்று சரியும். ரெய்டு மறுகட்டமைப்பு என்பது சரியாக அப்படிப்பட்ட வேலைதான். பதில் வரத் தாமதமானால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டி ரெய்டு அதை வெளியே தள்ளிவிடலாம்.

நாஸ் டிஸ்க் என்ற பெயரை மட்டும் நம்ப முடியாது. தன் ரெட் வரிசையில் 2-லிருந்து 6 டெராபைட் வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. அதன்பின் ரெட் வரிசையின் சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள், ஏற்கெனவே இருந்த ரெட் புரோவும் சிஎம்ஆர்தான். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர், சாதாரண பாராகுடாவில் பல மாடல்கள் எஸ்எம்ஆர். லேப்டாப் அளவிலான இரண்டரை அங்குல டிஸ்குகளில் 1 டெராபைட்டும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான். மாடல் எண்ணை முழுதாக வைத்துத் தயாரிப்பாளரின் பட்டியலில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இன்னொன்று: எஸ்எம்ஆர் கெட்ட டிஸ்க் இல்லை. ஒருமுறை வரிசையாக எழுதி எடுத்து வைக்கும் அந்த மூன்றாவது நகலுக்கு அது தாராளமாகப் போதும்.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்குக்கும் நாஸ் டிஸ்குக்கும் இடையே வெளியே தெரியாத இன்னொரு வித்தியாசம் உண்டு. ஒரு செக்டரை, அதாவது டிஸ்கின் ஒரு சிறு துண்டை, படிக்க முடியவில்லை என்றால் டெஸ்க்டாப் டிஸ்க் விடாப்பிடியாக முயன்றுகொண்டே இருக்கும், சில சமயம் ஒரு நிமிடத்துக்கும் மேல். தனியாக ஓடும் கணினியில் அந்தப் பிடிவாதம் நல்லதுதான். ரெய்டில் அப்படியல்ல. லினக்ஸ் ஒரு டிஸ்குக்காக இயல்பாக 30 நொடி காத்திருக்கும், அதற்குமேல் போனால் இணைப்பையே மீட்டமைக்கும். நாஸ் டிஸ்க் பொதுவாக 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும். ரெய்டு உடனே அந்தத் துண்டை மற்ற டிஸ்கிலிருந்து எடுத்துச் சரிசெய்துகொள்ளும். நாஸ் டிஸ்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாதி இதற்குத்தான் என்பேன்.

பழைய டேட்டா சென்டர் டிஸ்குகள் மலிவாகக் கிடைக்கும், உழைப்பும் நன்றாக இருக்கும். ஆனால் சத்தம் அதிகம். படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்தால் இரவில் கடகடப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். ஓடிய மணிக்கணக்கை அழித்துவிட்டுப் பழைய டிஸ்கைப் புதியதென்று விற்ற விவகாரம் 2025 தொடக்கத்தில் வெளிவந்தது. நம்பிக்கையான இடத்தில் பழையது என்று சொல்லியே விற்றால் வாங்கலாம், புதியது என்று சொல்லி நம்ப முடியாத விலைக்குக் கொடுத்தால் விலகிவிடுங்கள். எஸ்எஸ்டி சத்தமில்லாதது, வேகமானது, ஆனால் 5 டெராபைட் படங்களுக்கு வீண்செலவு. இயங்குதளத்துக்கு மட்டும் சிறியதாக ஒன்று போதும். பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தை ஓட்டாதீர்கள், ஓயாமல் எழுதும் பதிவுக் கோப்புகள் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

இனி மின்சாரம். சர்வர் ஒரு நாளும் தூங்காது. 10 வாட் கூடுதலாக இழுத்தால் வருடத்துக்கு 87.6 யூனிட். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 50, 60 வாட் இழுப்பது சாதாரணம். இன்டெல் என்100 போன்ற சிறு பிராசசர் போர்டு ஒன்று டிஸ்க் இல்லாமல் 10 வாட் அளவில் அடங்கிவிடும். 40 வாட் வித்தியாசம் என்றாலே வருடத்துக்கு 350 யூனிட். அதை உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். புதிய போர்டின் விலை எத்தனை வருடத்தில் திரும்பும் என்று தெரிந்துவிடும். ஆகவே அந்தப் பழைய டெஸ்க்டாப்பை முடிவு செய்வதற்கு முன் ஒரு வாட் மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றிவிட்டு அளக்கவும், பல நேரம் கால்வாசிச் செலவு அதிலேயே போகும். 30 வாட்டுக்குள் நின்றால் அந்தக் கணினியே உங்கள் சர்வர், வேறு யோசனை வேண்டாம்.

பழைய கணினியில் ஒன்றை மட்டும் புதிதாக்குங்கள்: பவர் சப்ளை. எட்டு வருடம் ஓடியிருந்தால் அதன் கெபாசிட்டர்கள் களைத்திருக்கும். டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் ஒவ்வொன்றும் 20, 25 வாட் வரை கேட்கும். டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா முனை போதவில்லை என்று பழைய மோலெக்ஸ் முனையிலிருந்து மாற்றும் மலிவான கேபிளை மாட்டாதீர்கள். முனையை ஒரே அச்சாக வார்த்துச் செய்த கேபிள்களில் உள்ளே கம்பிகள் உரசித் தீப்பிடித்த கதைகள் ஏராளம். டிஸ்குகளுக்கு முன்னால் மெதுவாகச் சுழலும் ஒரு பெரிய ஃபேன் இருக்கட்டும். 30-லிருந்து 45 டிகிரிக்குள் டிஸ்க் இருந்தால் நிம்மதி.

நாஸ் பெட்டி யாருக்கு? கணினியைத் திறக்கவே விருப்பமில்லாதவருக்கு. சினாலஜி, கியூநாப் மாதிரியான பெட்டிகள் சின்னவை, குறைவாக இழுக்கும், போனிலுள்ள படத்தைத் தானாக ஏற்றும் செயலி முதல் எல்லாம் தயாராக இருக்கும். அதே விலைக்கு வன்பொருள் மட்டும் என்று பார்த்தால் குறைவாகத்தான் கிடைக்கும், நீங்கள் கொடுப்பது மென்பொருளுக்கும் நேரத்துக்கும். எந்த டிஸ்கை ஏற்றுக்கொள்ளும் என்ற பட்டியலை மட்டும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள். சினாலஜி 2025-இல் சில மாடல்களில் பிற நிறுவன டிஸ்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டது, எதிர்ப்புக்குப் பின் அதே வருடம் தளர்த்தியது. மினி பிசி ஒன்றோடு நான்கு டிஸ்க் யுஎஸ்பி பெட்டியை இணைக்கும் வழியை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நடுவிலுள்ள யுஎஸ்பி சிப் ஒருமுறை தடுமாறினால் எல்லா டிஸ்கும் ஒரே நேரத்தில் மறைந்துபோகும். நகல் டிஸ்குக்கு யுஎஸ்பி சரி, ரெய்டுக்குச் சரியில்லை.

ரேம் 8 ஜிபி போதும், 16 இருந்தால் தாராளம். ஒரு டெராபைட்டுக்கு 1 ஜிபி என்ற இசட்எஃப்எஸ் விதி வீட்டு சர்வருக்கானதல்ல. இசிசி இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. இசிசி இல்லாமல் இசட்எஃப்எஸ் போட்டால் எல்லாம் அழியும் என்று சொல்வது மிகை. கெட்ட ரேம் எந்தக் கோப்பு அமைப்பையும் ஒரே மாதிரிதான் கெடுக்கும். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே இருக்கும் பிழைத்திருத்தம் முழு இசிசிக்கு ஈடாகாது, விளம்பரத்தில் குழம்ப வேண்டாம். இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை கோர் பிராசசருக்கு இசிசி வேண்டுமென்றால் டபிள்யூ680 சிப்செட் உள்ள போர்டு தேவை, அதன் விலைக்கு இன்னொரு நகல் டிஸ்கே வாங்கலாம். நான் டிஸ்கைத்தான் வாங்குவேன். அதற்குப் பதில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம்.

நெட்வொர்க்கில் சர்வருக்குக் கம்பி கட்டாயம், வைஃபை லேப்டாப்புக்கும் போனுக்கும். உங்கள் 5 டெராபைட்டை முதல்முறை ஏற்ற கிகாபிட்டில் 12, 13 மணி நேரம் ஆகும், ஒரு இரவு. வீடியோ எடிட்டிங் செய்யாதவர்களுக்கு 2.5 கிகாபிட் அவசியமே இல்லை. வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டிலேயே நின்றால் சர்வரைக் குறை சொல்லாதீர்கள். கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்து இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். அப்புறம் சின்ன யுபிஎஸ் ஒன்று. பேட்டரி நேரம் முக்கியமில்லை, யுஎஸ்பி வழியாகச் சர்வருக்குத் தகவல் சொல்லும் மாடலாக இருப்பதுதான் முக்கியம். நட் என்ற இலவச மென்பொருள் அதைக் கேட்டுச் சர்வரை ஒழுங்காக அணைத்துவிடும்.

கேபிள் என்றதும் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய கண்ணாடியில் ஒரு டிஸ்க் திடீரென்று வெளியேறியது. புது டிஸ்க் வாங்கி மாட்டினேன். ஒன்பதாம் நாள் அதுவும் வெளியேறியது. அப்போதுதான் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் பதிவை வரி வரியாகப் படித்தேன். எண் 5, அதாவது மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்: பூஜ்யம். 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை: பூஜ்யம். 199-இல் மட்டும் ஆயிரத்துக்கு மேல். 199 என்பது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைந்த தடவைகளின் கணக்கு. கேஸின் பக்கக் கதவு சாட்டா கேபிளை அழுத்தி மடக்கியிருந்தது. கேபிளை மாற்றியதும் எண் ஏறுவது நின்றது. கழற்றிப் போட்ட முதல் டிஸ்க்தான் இன்று என் வெளி நகல். 5-உம் 197-உம் ஏறினால் டிஸ்கைச் சந்தேகியுங்கள், 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிள்.

டிஸ்க் வந்ததும் படங்களை ஏற்றிவிடாதீர்கள். ஸ்மார்ட் நீண்ட சோதனை ஒன்று ஓட்டுங்கள், 12 டெராபைட்டுக்கு முக்கால் நாள் ஆகும். பொறுமை இருந்தால் லினக்ஸின் பேட்பிளாக்ஸ் கருவியால் டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனையும் ஓட்டலாம். நான்கு விதமாக எழுதி நான்கு முறை படிக்கும், ஆறு நாள் பிடிக்கும். பிளாக் அளவை 4096 என்று கொடுத்தால்தான் இவ்வளவு பெரிய டிஸ்கில் அது ஓடும். சோதனையின்போதே பழுதாகும் டிஸ்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். டிஸ்கில் இருப்பதையெல்லாம் அந்தச் சோதனை அழித்துவிடும் என்பதால் காலியாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு டிஸ்கின் வரிசை எண்ணிலும் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு சீட்டில் எழுதி, கேபிள் சொருகும் பக்கமாகத் தெரியும்படி ஒட்டுங்கள். ஒரு டிஸ்க் பழுது என்று சர்வர் சொல்லும்போது அது எந்த டிஸ்க் என்று உறுதியாகக் காட்டுவது வரிசை எண்தான். பெட்டிக்குள்ளே ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் இருக்கும், அவசரத்தில் நல்லதைப் பிடுங்கிவிட ஒரு கணம் போதும். சீட்டு ஒட்டியபின், சில பயனற்ற கோப்புகளை மட்டும் போட்டுவிட்டு, சர்வரை அணைத்து ஒரு டிஸ்கை வேண்டுமென்றே கழற்றி, மறுபடி இயக்குங்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் உங்கள் போனுக்கு வருகிறதா, அதில் வரிசை எண் இருந்தால் அதுவும் சீட்டிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். திரும்ப மாட்டி மறுகட்டமைப்பு முடியும்வரை இருந்து பாருங்கள். இது சரியாக நடந்தபின் படங்களை ஏற்றத் தொடங்கலாம். முதல் நகல் மூன்றாவது டிஸ்கில் ஏறி, அதிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்க்கும்வரை அந்தப் பழைய யுஎஸ்பி டிஸ்குகளில் எதையும் அழிக்க வேண்டாம்.